மாணிக்கம் வாயை மூடியிருந்த நான்கு நிமிடங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எட்டாங்கட்டை பாலாய் ராயாவின் நீலச் சுவரை ஒட்டி முப்பது பேருக்குக் குறையாமல் வரிசையில் நிற்கிறார்கள். பாலாய் ராயா என்றால் வேறொன்றுமில்லை, குடியிருப்புக்குப் பொதுவான மண்டபம். ஆண்கள் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருக்கிறார்கள். பெண்கள் பெட்டியிலிருந்து எடுத்த சேலையில், மடிப்புக் கலையாமல். எல்லார் கையிலும் அடையாள அட்டை, நெஞ்சுக்கு முன்னால். பாச்சை உருண்டை வாசமும் தேங்காய் எண்ணெய் வாசமும் கலந்து என் மூக்குவரை வருகின்றன.

வரிசைக்கு எதிரே முக்காலியில் ஒரு கேமரா. அதன் பக்கத்தில் தலையில் கைவைத்தபடி ரேவதி. அவள் எடுக்க வந்தது, எட்டாங்கட்டை மக்களின் ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகிறது என்று காட்டும் ஓர் ஆவணப்படம்.

அவளுக்குப் பின்னால் கையில் கோப்போடு நிற்பவன் நான். அந்த வரிசைக்குக் காரணமும் நான்தான்.

“அங்கிள், இவங்க ஏன் லைன்ல நிக்கிறாங்க?”

“நிக்கிறது நல்லதுதானே? எவ்வளவு ஒழுங்கு பாரு.”

“நான் எடுக்க வந்தது துணி காயப் போடறத, மீன் கழுவறத, சண்ட போடறத. இவங்க ஒருத்தர்கூட அசைய மாட்டறாங்க!”

வரிசையின் தலைப்பில் நின்றவர் மாணிக்கம். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஆயுள் முழுக்க ஓட்டியவர். அவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். “தங்கச்சி, வீடு குடுக்கறதுக்குத்தானே போட்டோ? நாங்க நேராத்தான் நிக்கிறோம். நீ புடி லா!”

மாணிக்கம் இப்போது இல்லை. போன வருட மழைக்காலத்தில் போய்விட்டார். இரண்டு மாதங்களுக்கு முன் அவருடைய மகள் கமலா என்னைத் தேடிக்கொண்டு நான் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸ் வந்து ஓர் உதவி கேட்டாள். அப்பாவின் குரல் வேண்டும் என்றாள். அவ்வளவுதான். அரசாங்கச் சேவையில் எத்தனையோ விதமான மனுக்களைப் பார்த்தவன் நான். இந்த மனுவுக்கு என்னிடம் பாரம் இல்லை; படிவத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

நான் ஒட்டிய அறிவிப்பு

முதலில் அந்த வரிசை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்தது ஓர் அரசாங்க இலாகாவின் ஆவணப் பிரிவில். எந்தக் காகிதம் எந்தக் கோப்பில் போக வேண்டும், எந்தக் கோப்பு எத்தனை வருடம் உயிரோடு இருக்கும், எந்த நாளில் அது அழிய வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. சுற்றறிக்கை இல்லாமல் ஒரு காரியத்தைத் தொடங்குவது எனக்குப் பல் துலக்காமல் பசியாறுவதைப் போல.

ஆகவே படப்பிடிப்புக்கு இரண்டு வாரம் முன்னதாக மண்டபத்துப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டினேன். தமிழிலும் மலாயிலும். வலது மூலையில் கோப்பு எண். அப்படியொரு கோப்பு உலகத்தில் எங்கும் இல்லை. ஆனால் எண் இல்லாத கடிதம் என் கண்ணுக்குச் சட்டை போடாத ஆளைப் போலத் தெரியும். ஒளிப்பதிவு ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு. ஒப்புதல் பாரம் நிரப்ப வேண்டியிருப்பதால் அனைவரும் அடையாள அட்டையைக் கொண்டுவரவும். கீழே என் கையெழுத்து, என் பெயர் பொறித்த ரப்பர் முத்திரை. ஓய்வு பெற்றவர் அந்த முத்திரையை வைத்திருக்கலாமா என்று கேட்காதீர்கள். கூடாது. அது எந்த விதி என்பதும் எனக்குத் தெரியும்.

பலகையை யாரும் படிப்பதில்லை. மாணிக்கம் மட்டும் படித்தார். அவருக்கு மைக் மாணிக்கம் என்று பெயர். மைக் பிடித்ததால் வந்த பெயர் அல்ல. அது தேவைப்படாததால் வந்தது. கோயில் திருவிழாவில் காணாமல்போன பிள்ளையை அறிவிப்பதிலிருந்து தண்ணீர் நிறுத்தம்வரை எல்லாம் அவர் வாய் வழியாகத்தான் ஊருக்குப் போகும்.

கோப்பு எண்ணையும் முத்திரையையும் பார்த்தார். ஃபிளாட்டின் கீழே வந்து நின்று, மூன்று மாடிக்கும் கேட்கும்படி அறிவித்தார்.

“எல்லாரும் கேட்டுக்குங்க! ஞாயித்துக்கெழம அரசாங்க ஆளு வராங்க! ஐசி எடுத்துக்கிட்டு ஒம்பது மணிக்கு பாலாய்க்கு வந்துருங்க! வராதவங்களுக்கு வீடு கெடையாது. அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது லா!”

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்தக் குடியிருப்பில் சிலர் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நரைத்தவர்கள். பிறந்த மண்ணிலேயே விண்ணப்பதாரர்களாக வாழ்ந்தவர்கள். அவர்கள் வேலை பார்த்த தோட்டம் கண்டெய்னர் கிடங்காக மாறியபோது எல்லாருக்கும் தரை வீடு என்று சொல்லி, அதுவரை தங்கிக்கொள்ளச் சொன்ன இடம்தான் அந்த ஃபிளாட். தற்காலிகம் என்றார்கள். அலுவலக மொழியில் தற்காலிகம் என்றால் ஒரு தலைமுறை. ஐசி, அதாவது அடையாள அட்டை, என்ற சொல் காதில் விழுந்ததும் குளித்து, உடுத்தி, வரிசையில் நேராக நிற்பது அவர்கள் உடம்பிலேயே இருந்தது. யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

வடக்குக்காரர்கள்

கிள்ளான் நகரத்தை ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. தெற்கே இருக்கும் எங்கள் ஆட்களுக்குச் சேலைக் கடையும் வாழையிலைச் சாப்பாடும் உண்டு. வடக்கே போகப் போக லோரிகள்தான். அப்படிப் போய், கண்டெய்னர்கள் அடுக்கிய மலைகளுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது எட்டாங்கட்டை. டவுனில் அவர்களை ‘வடக்குக்காரங்க’ என்பார்கள். ஏதோ இமயமலைக்குப் பக்கத்திலிருந்து வந்தவர்களைப் போல.

ரேவதி அங்கேயே பிறந்தவள். கையுறை ஆலையில் தரப் பரிசோதகர். நாள் முழுக்க ரப்பர் கையுறைகளை விளக்குக்கு நேரே பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. ஒருநாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளே ஒளி புகுந்த கையுறை யாரோ கையசைப்பது போல இருந்ததாம். அதை எடுக்க வேண்டுமென்று மாலை வகுப்பில் சேர்ந்து ஒளிப்பதிவு கற்றாள். ஆலைக்குள் கேமரா கொண்டுபோக விடவில்லை. ஒரு பெட்டிக் கையுறையை வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறைக் குழல்விளக்குக்குக் கீழே எடுத்தாள். மூன்று நிமிடப் படம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அதன்பிறகு மருத்துவமனையில் கையுறை போட்ட யாரைப் பார்த்தாலும் அந்தப் படம் ஞாபகம் வந்தது. அது எந்தக் கோப்பில் சேரும் என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை.

என்னிடம் அவள் வந்தது அனுமதிக் கடிதத்துக்காக. ரயில்வே கேட்டைப் படம் எடுக்க வேண்டும், யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. எந்த இலாகாவின் எந்த முகப்பில் எந்த மனுவைக் கொடுப்பது என்று தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற ஆள் பிரிக்பீல்ட்ஸில் சும்மா இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். சும்மா இருப்பதாக என்ற சொல்லைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடிதம் எழுதிக் கொடுத்தேன். மூன்று நாளில் அனுமதி கிடைத்தது. அதைப் பார்த்த அவள் முகத்தில் வந்த மலர்ச்சி, என் சேவைக் காலம் முழுவதும் என் மேலதிகாரிகள் யார் முகத்திலும் வராதது. பிறகென்ன, ஞாயிறுதோறும் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துச் சென்ட்ரல் நிலையத்தில் கொமுட்டர் என்ற புறநகர் ரயில் ஏறிக் கிள்ளானில் இறங்கி, அங்கிருந்து பஸ். எட்டாங்கட்டையில் எனக்குப் ‘போராங் சார்’ என்று பெயர் வந்தது. மலாயில் போராங் என்றால் பாரம். கேட்டபோது கோபம் வந்தது. இப்போது யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அதுவும் ஒரு குறைதான்.

வாளி நிறைந்த கதை

அந்தக் கால ரேவதியின் படங்களில் எனக்கு மிகப் பிடித்தது வாளிப் படம். தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு குழாய், ஒரு சிவப்பு வாளி. நூலாக விழும் தண்ணீர். வாளி நிறையும்வரை படம் ஓடும். ஒன்பது நிமிடம். வேறொன்றும் கிடையாது.

“இது என்ன வகை?” என்று கேட்டேன். பதிவேட்டில் எழுத வேண்டுமே.

“சோதனைப் படம் அங்கிள்.”

“யாருக்குச் சோதனை?”

அவள் பதிவேட்டை என் பக்கமே தள்ளினாள்.

அந்தி மங்கும் நேரத்தில் மண்டபத்தில் ஒரு வெள்ளைப் போர்வையைக் கட்டித் திரையிட்டோம். பிளாஸ்டிக் நாற்காலிகள், கொசுவத்தி, ஒரு பானை தே ஓ. கருப்புத் தேநீர்தான், சீனி தூக்கலாக. முதல் இரண்டு நிமிடம் எல்லாரும் மரியாதைக்குப் பார்த்தார்கள். மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் எழுந்து போனார். ஐந்தாவது நிமிடத்தில்தான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. போனவர் திரும்பி வந்தார். வாளியில் தண்ணீர் விளிம்பை நெருங்க நெருங்க, நாற்காலிகள் முன்னே நகர்ந்தன.

விளிம்பைத் தொட்டது. வழிந்தது. ரேவதி வேண்டுமென்றே கேமராவை நிறுத்தாமல் விட்டிருந்தாள்.

“யாராச்சும் பைப்ப அடைங்க லா!” என்று ஒரு குரல். மாணிக்கம்தான். “தண்ணி போவுது! பாத்துக்கிட்டே இருக்கீங்க!”

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து ஓடினாள். தன் வீட்டுக் குழாயை மூடியிருக்கிறோமா என்று பார்க்க.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாணிக்கத்தின் மனைவி அஞ்சலை, “சினிமா கொட்டாயில கூட இவர அடக்க முடியாது சார்” என்றார் என்னிடம். அப்போது அவருக்குக் கண் நன்றாகத் தெரியும்.

வந்தது வந்துட்டோம்

இனி நீலச் சுவருக்குத் திரும்பலாம்.

வந்தது அரசாங்கம் அல்ல, வீடும் இல்லை, இது ஒரு படம் மட்டும்தான் என்பதை நானே வரிசைக்கு முன்னால் நின்று அறிவித்தேன். அந்த அறிவிப்பை எழுதிப் படிக்கவில்லை.

எல்லாரும் மாணிக்கத்தைப் பார்த்தார்கள். அவர் தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஏதாவது எழுத்து மாறியிருக்கிறதா என்பது போல.

“அப்ப வீடு இல்ல?”

“இல்ல மாமா” என்றாள் ரேவதி.

“சரி, இல்லாட்டி என்னா? வந்தது வந்துட்டோம். குளிச்சிட்டு வேற வந்துருக்கோம். புடி.”

அந்த நொடியில்தான் ரேவதிக்குப் படம் கிடைத்தது என்று நினைக்கிறேன். துணி காயப் போடுவதும் மீன் கழுவுவதும் போயின. ஒவ்வொருவராக நீலச் சுவருக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். நான்கு நிமிடம். பேசக் கூடாது, அசையக் கூடாது. இத்தனை வருடம் இவர்கள் நின்றிருக்கிறார்கள், பார்க்கிறவர்கள் ஆளுக்கு நான்கு நிமிடமாவது கூட நிற்கட்டும் என்றாள். படத்தின் பெயரும் அங்கேயே முடிவாயிற்று: ‘நிற்கிறோம்’.

முதல் ஆள் மாணிக்கம். நின்றார். அட்டையை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, கண்ணைக் கூடச் சரியாகச் சிமிட்டாமல். கண்டெய்னர் லோரி ஒன்று போனது. காகம் கத்தியது. வரிசையே ஆச்சரியப்பட்டுப் பார்த்தது, ஏனென்றால் மாணிக்கம் வாயை மூடி நான்கு நிமிடம் இருந்ததை யாரும் கண்டதில்லை.

நேரம் முடிந்ததும், “இப்ப பேசலாமா?” என்றார்.

ரேவதி சிரித்துக்கொண்டே மறுபடி கேமராவை ஓட்டினாள். பதினொரு நிமிடம் பேசினார். வெயில் ஏறி, வரிசை முணுமுணுக்கும்வரை பேசினார். என்ன பேசினார் என்று எனக்கு ஞாபகமில்லை. நான் ஒப்புதல் பாரத்தில் அவருடைய பிறந்த ஊரை எழுதிக்கொண்டிருந்தேன்.

அழிப்புப் பட்டியல்

படம் முடிந்தது. முப்பது பேரில் ஒன்பது பேரை வைத்துக்கொண்டாள். சுவருக்கு முன்னால் எழுந்த சத்தங்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, கையுறை ஆலையின் இயந்திர இரைச்சலைப் படம் முழுக்கப் போட்டாள். இரண்டு மூன்று ஊர்களில் காட்டினார்கள். ஓரிடத்தில் பார்வையாளர்கள் எழுந்து நின்றுகொண்டே பார்த்ததாகச் சொன்னாள். நான் நம்பவில்லை; ஆனால் சந்தோஷமாக இருந்தது.

பிறகு என் முறை வந்தது.

எல்லாப் பதிவுகளுக்கும் நான் பதிவேடு வைத்திருந்தேன். கிளிப் எண், ஆள், நிமிடம், பயன், குறிப்பு என்று ஐந்து கட்டங்கள். ஹார்ட் டிஸ்க் நிரம்பியது. என் பழைய இலாகாவில் இதற்கு ஒழுங்கு உண்டு. பயன்பட்டது நிரந்தரமாக இருக்கும், பயன்படாதது காலக்கெடு முடிந்ததும் அழிப்புப் பட்டியலில் ஏறும், பொறுப்பாளர் கையெழுத்திடுவார், அழியும். ஒருமுறை நானே ஓர் அறை நிறையக் கோப்புகளை அழித்து, மேலதிகாரியிடம் பாராட்டுக் கடிதம் வாங்கியிருக்கிறேன். அந்தக் கடிதம் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

“வேணாம் அங்கிள்” என்றாள் ரேவதி. “இருந்துட்டுப் போவட்டும். எப்பவாச்சும் வேணும்னா?”

“எப்பவாச்சும் வேணும்னு வச்ச காகிதத்தாலதான் பாதி அரசாங்க கட்டடம் நெறஞ்சி கெடக்கு.”

“இது காகிதம் இல்ல அங்கிள். ஆளுங்க.”

நான் ஒரு சொல்கூட மாற்றாமல் பட்டியலைத் தட்டச்சு செய்தேன். அவள் அழித்தாள். நான் கையெழுத்திட்டேன். முத்திரையும் வைத்தேன்.

அவரு எப்ப பேசுவாரு?

இரண்டு மாதங்களுக்கு முன் கமலா வந்தபோது, மோனோரயில் பாலத்துக்குக் கீழே இருக்கும் கடையில் உட்கார்ந்தோம். கண்டெய்னர் கிடங்கு அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண். வேலைச் சீருடையோடு வந்திருந்தாள். தேநீர் ஆடை கட்டும்வரை தொடவில்லை.

“அம்மாவுக்கு இனிப்புநீர் நோய் முத்திடுச்சி அங்கிள். கண்ணு போச்சி. வெளிச்சம் மட்டும்தான் தெரியுது.”

“எனக்குத் தெரியாதேம்மா.”

“போன மாசம் அப்பாவுக்குத் திதி. நம்ப படம் இருக்கே, போட்டா அம்மாவுக்கு ஆறுதலா இருக்கும்னு ரேவதியக்காகிட்ட வாங்கிப் போட்டேன்.” தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தாள். “அப்பா வந்து நிக்கிறாரு அங்கிள். மெஷின் சத்தம் மட்டும்தான். அம்மா டிவிக்கிட்ட போயி காத வச்சி, ‘அவரு எப்ப பேசுவாரு? அவரு எப்ப பேசுவாரு?’ன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. படம் முடிஞ்சிடுச்சி.”

வாய்ஸ் நோட் ஒன்றுகூட இல்லையா என்று கேட்டேன்.

“அவரா? ஜன்னல்ல நின்னு கூப்பிட்டா ஊரே திரும்பும். அவருக்கு எதுக்கு போனு? கல்யாண வீடியோல கூட மத்தவங்க பேசறதுதான் இருக்கு, அப்பா அப்ப சாப்பாட்டு எடத்துல கத்திக்கிட்டு இருந்தாரு.” சிரித்தாள். உடனே சிரிப்பு போய்விட்டது. “அன்னிக்கி சுவத்துக்கிட்ட அப்பா ரொம்ப நேரம் பேசுனாருல்ல? நீங்கதான் எல்லாத்தையும் ஃபைல் போட்டு வச்சிருப்பீங்கன்னு ரேவதியக்கா சொன்னாங்க.”

ரேவதி அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை என்பது அப்போது புரிந்தது. சொல்வதை எனக்கு விட்டிருக்கிறாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பாத்துட்டு சொல்றேம்மா.” என் அனுபவத்தில் அந்த வாக்கியத்துக்கு ஒரே பொருள்தான். எத்தனை பேரை அந்த வாக்கியத்தால் முகப்பிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவளும் அவர்களைப் போலவே நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

குறிப்புக் கட்டம்

மூன்று வாரம் ஒன்றும் செய்யவில்லை. கோயில் மணி அடித்தது, மாதா கோயில் மணி அடித்தது, மோனோரயில் போய் வந்தது. அலமாரியைத் திறக்கவில்லை. கமலா ஒருமுறை கூடத் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

ஒரு காலையில் பதிவேட்டை எடுத்தேன். நான்காவது கிளிப்: மாணிக்கம், பேச்சு, பதினொரு நிமிடம். பயன்: இல்லை. குறிப்பு: ‘தேவையற்றது’. என் கையெழுத்து. அழகான கையெழுத்து என்று பெயர் வாங்கியது.

பூச்சோங்கில் இருக்கும் ரேவதியை அழைத்தேன். அவள் இப்போது திருமணங்களைப் படம் எடுக்கிறாள். அதில் எல்லாரும் அசைகிறார்கள் என்று குறைப்படுகிறாள்.

“நான்தான்மா அழிச்சேன்” என்றேன். “கமலாகிட்ட சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

அவள் பக்கத்தில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“அங்கிள், அன்னிக்கி மாமா பேசி முடிச்சிட்டு வீட்டுக்கா போனாரு?”

“இல்ல. அங்கேயேதான் நின்னாரு.”

“கேமராவுக்குப் பின்னாடி. கடைசி ஆளு வரைக்கும். என்னைய ஒரு ஷாட் நிம்மதியா எடுக்க விட்டாரா? அவரு வாய மூடுனதே அந்த நாலு நிமிஷம்தான் அங்கிள். மத்தவங்க கிளிப்ப பாருங்க. மெஷின் சத்தம் போடறதுக்கு முந்தி இருந்தத.”

பதிவேட்டில் குறிப்புக் கட்டத்தை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு போனேன். ‘பின்னணியில் மாணிக்கம் குரல். தொந்தரவு.’ அதற்கு அடுத்ததிலும் அதுவே. அதற்கும் அடுத்ததில், ‘மேற்படி’. மேற்படி, மேற்படி, மேற்படி. பெரும்பாலானவை அழிப்புப் பட்டியலில் போனவை. ஆனால் படத்தில் இடம்பெற்ற ஒன்பது பேரின் மூலப் பதிவுகள், விதிப்படி, நிரந்தரம். என் அலமாரியில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு, பெயரெழுதிய டப்பாவில் இருந்தன.

அந்த ஒன்பதில் ஒன்று ஐந்தாவது கிளிப். வரிசையில் மாணிக்கத்துக்கு அடுத்து நின்றவர். குறிப்பு: ‘பின்னணியில் கணவர் குரல், தொடர்ந்து. பெருந்தொந்தரவு.’

ஐந்தாவது கிளிப்

எட்டாங்கட்டை ஃபிளாட்டின் மூன்றாவது மாடி. மத்தியான வெயில். வாசலில் மாணிக்கத்தின் செருப்பு இன்னும் இருந்தது. அஞ்சலை பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கமலா அரைநாள் விடுப்பு எடுத்திருந்தாள். ரேவதி மடிக்கணினியைப் பிளாஸ்டிக் முக்காலியில் வைத்தாள்.

நான் முதலில் பேச வேண்டும் என்று சொல்லியிருந்தேன். பேசினேன். அந்தப் பதினொரு நிமிடத்தை அழித்தது நான், ரேவதி வேண்டாமென்று சொன்னாள், நான் கேட்கவில்லை என்றேன். சுற்றி வளைக்கவில்லை.

கமலா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அஞ்சலை குரல் வந்த திசையைப் பார்த்துத் தலையாட்டினார். “உடுங்க சார். பதினோரு நிமிஷமும் என்னையத்தான் கொற சொல்லியிருப்பாரு.”

“இன்னொன்னு இருக்கும்மா. நீங்க நிக்கிறது. அதுல அவரு சத்தம் இருக்கு” என்றேன்.

“நான் நின்னதுலயா?”

ரேவதி பொத்தானை அழுத்தினாள். முதலில் காற்று. காகம். தூரத்தில் லோரி. பிறகு, மிக அருகில், அந்தக் குரல்.

“நேரா நில்லு.”

கமலாவின் கை வாய்க்குப் போனது.

“நேரா நில்லுன்னு சொல்றேன். அங்க என்னா பாக்கற? இங்க பாரு, கேமராவ பாரு. கையி எங்க? ஐசிய புடி.”

அஞ்சலை நாற்காலியின் கையை ஊன்றி எழுந்தார். நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை.

“அம்மா, உக்காரும்மா” என்று கமலா தோளைப் பிடித்தாள். அஞ்சலை அந்தக் கையை மெல்ல விலக்கினார். முந்தானையைச் சரிசெய்தார். வலது கை நெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றது, ஓர் அட்டையைப் பிடித்திருப்பதைப் போல.

“ஏன் மொறைக்கிற? நானா வீடு இல்லன்னு சொன்னேன்? அந்த போராங் சார மொற.”

“மாமா, பேசாதீங்க, சவுண்டு விழுது” என்றது பழைய ரேவதியின் குரல்.

“நான் எங்கம்மா பேசறேன்? அவள நிக்க வைக்கிறேன்.”

கேமராவில் மாணிக்கம் இல்லை. திரையில் நீலச் சுவரும், அதன் முன்னால் கண்தெரிந்த அஞ்சலையும். முக்காலிக்கு இந்தப் பக்கம், அதே போல நேராக நின்றார் இன்றைய அஞ்சலை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பதைப் போல இருந்தது. ஒருவருக்கு மட்டும் அது தெரியவில்லை.

குரல் நின்று நின்று வந்தது. அசையாத. இன்னும் இருக்கு. கொசுவ அடிக்காத, கடிச்சிட்டுப் போவட்டும். அடுத்த ஆளை வரிசையில் தள்ளி நிற்கச் சொன்னது. யாரையோ பார்த்துச் சிரித்தது. நடுவே, வேறொரு குரல் என்று நினைக்கும் அளவுக்குத் தணிந்து, “காலு வலிக்குதா?” என்றது.

அஞ்சலை இல்லை என்று தலையசைத்தார். உடனே, அசையக் கூடாது என்பது ஞாபகம் வந்து, நிறுத்திக்கொண்டார். திரையில் இருந்தவரும் அப்படியேதான் செய்திருந்தார்.

நான் கையில் பதிவேட்டை வைத்திருந்தேன். எதற்குக் கொண்டுபோனேன் என்று தெரியவில்லை.

“ஆச்சி” என்றது குரல். “போதும் லா. போயி உக்காரு. தண்ணி குடி.”

கிளிப் முடிந்தது. அஞ்சலை கையைக் கீழே இறக்கினார். பின்னால் தடவி நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். கமலா ஓடிப்போய் ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் அதை முழுவதும் குடித்தார்.

பிறகு கோப்பையைக் கமலாவிடம் கொடுத்துவிட்டு, “இன்னொரு தரம் போடும்மா” என்றார்.

ரேவதி பொத்தானைத் தேடுவதற்குள் அவர் எழுந்து நின்றுவிட்டார்.